இத்தா அறைக்கு நேரே ஒரு மந்தாரை

தங்கச்சியின் வீட்டு முற்றத்துக்குச் சீமெந்து போட்ட நாளில், நடுவே நாலடிச் சதுரம் ஒன்றை மண்ணாகவே விட்டுவிடச் சொன்னவர் அவளுடைய மாப்பிள்ளை, என் மச்சான். அவர் அப்போது கட்டாரில் இருந்தார். மேசன் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கரண்டியால் சாந்தை இழுத்தபடியே, "ஓம் ஓம், விளங்குது" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பூ மரம் ஒன்று வைக்கவேண்டுமாம். சின்ன மரம். வீட்டுக்கு வரும் மின்கம்பியில் முட்டக்கூடாது, அத்திவாரத்துக்குள் வேர் ஓடக்கூடாது, ஆனால் பூத்தால் மதிலுக்கு மேலால் தெருவுக்குத் தெரியவேண்டும்.

எட்டுப் பேர்ச்தான் இருக்கும் அந்தச் சிறிய வீட்டு வளவில் இத்தனையையும் சேர்த்துத் தரும் மரம் எது என்று புருசனும் பெண்சாதியும் ஆறு வருடம் சண்டை பிடித்தார்கள். அவர் லீவில் வரும்போதெல்லாம் அந்தச் சண்டை புதிதாகத் தொடங்கும். அவளுக்குச் செவ்வரத்தை போதும். "அது மரமா? பத்தை. ஒரு ஆடு கடிச்சா முடிஞ்சுது," என்பார் அவர். அவர் சொல்லும் மரங்களில் அவள் வேறு குற்றம் கண்டுபிடிப்பாள். ஒன்றுக்கு மசுக்குட்டிப் புழு வரும். ஒன்று முள்ளு. ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற மரம், அதைக் கண்டாலே மருந்து மணக்கும். லீவு முடியும். வான் வந்து அவரை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும். சதுரம் சும்மா கிடக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தத் துண்டு மண்ணில் பூனை மட்டும் படுக்கும்.

பெரும்போக வெட்டு முடிந்து ரோட்டோரங்களில் நெல் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், லுஹர் தொழுகைக்குப் பிறகு, மச்சானோடு ஒரே அறையில் இருந்த அக்கரைப்பற்றுக்காரர் எனக்குத்தான் முதலில் கைபேசியில் பேசினார். வேலைத்தலத்தில் விழுந்தாராம். தூக்கும்போதே உடம்பு குளிர்ந்திருந்ததாம். மையத்தை, அந்த உடலை, ஊருக்கு அனுப்பக் கிழமைக்கணக்கில் ஆகும், அங்கேயே அடக்குவதற்குக் குடும்பத்தில் ஆராவது ஓம் என்று சொல்லவேண்டும் என்றார். சுணக்கக்கூடாது என்பது மார்க்கம். நான் ஓம் என்றேன். தங்கச்சியிடம் கேட்கவில்லை. அட்டாளைச்சேனையில் நான் கலியாணம் முடித்துப் போன வீட்டின் பின்பக்கம், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதனுடைய மண்ணை நான் தீர்மானித்தேன்.

அடக்கிய பிறகு ஒரு படம் வந்தது. சரளைக்கல் மேடுகள், ஒன்றைப் போல ஒன்று, வரிசை வரிசையாக. ஒரு கல்லில் இலக்கம். எது அவர் என்று விரலால் தொட்டுப் பெரிதாக்கித்தான் பார்க்கவேண்டும். அந்தப் படத்தை அவளிடம் காட்டியபோது அவள் வெள்ளை உடுத்து இத்தாவில் இருந்தாள். புருசன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம். கூடப்பிறந்த மூத்தவன், அவளுக்குக் காக்கா என்பதால் எனக்கு அந்த அறைக்குள் போகலாம். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அழவில்லை.

"காக்கா, இதில பச்சையா ஒண்டும் இல்லியே."

எங்கள் மையவாடியில் மண் தள்ளி முடிந்ததும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பை ஊன்றித் தண்ணீர் வார்ப்போம். அந்தக் கொப்பில் பசுமை இருக்கும்வரை அது அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், அதனால் உள்ளே கிடப்பவருக்கு வேதனை இலேசாகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சில கொப்புகள் வேர் பிடித்து மரமாகவே நின்றுவிடும். அவள் அக்கரைப்பற்றுக்காரரிடம் கேட்டு அனுப்பினாள். அவருடைய குரல் பதிவாக வந்தது: "இஞ்ச அப்பிடி நடுறல்ல ராத்தா. நட்டாலும் தண்ணி ஊத்த ஆரு இரிக்கா. வெயில் கல்லையும் உரிக்குது."

அதைக் கேட்டுவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு யன்னலைக் காட்டினாள்.

"அந்தச் சதுரத்தில ஒண்டு நட்டுத்தாங்க. நான் இஞ்ச இருந்து பாக்கிற மாதிரி. பூக்கோணும், அவர் ஆசப்பட்ட மாதிரி. ஆனா இலை கொட்டப்படா காக்கா. ஒரு நாளைக்கும் மொட்டையா நிக்கப்படா."

மச்சானின் தாய், நாங்கள் மாமி என்று கூப்பிடுபவர், மூலையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இத்தா முடியும்வரை மருமகளோடு இருக்க வந்தவர். மகனை இழந்தவர் அவரும்தான்.

"புள்ள, அவன்ட கப்று அங்க கிடக்கு. மரம் இஞ்ச. அது ஓதுறத்த ஆரு கொண்டுபோய்ச் சேக்கிற? ஏர்போட்டுக்குப் போற வானா?"

"அல்லாவுக்குத் தூரம் இரிக்கா மாமி?"

மாமி உரலுக்குள் இரண்டு குத்துக் குத்தினார்.

நான் அறையை விட்டு இறங்கும்போது தங்கச்சி இன்னொன்றும் சொன்னாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல: "இந்த நாலு மாசமும் பத்து நாளும் முடியட்டும். அதுக்குப் பிறகு எனக்கு இஞ்ச ஒரு வேலையும் இல்ல."

அந்த வாக்கியத்தோடுதான் நான் மரம் வாங்கப் போனேன்.

கல்முனைப் பிரதான வீதியில் இருந்து சற்று உள்ளே பூக்கன்று விற்கும் ஓர் அக்கா இருக்கிறார். பச்சை வலைக்குக் கீழே கறுப்புப் பைகளில் நூற்றுக்கணக்கான கன்றுகள். என்னிடம் படித்த பிள்ளை ஒன்றின் தாய். சேர் என்றுதான் கூப்பிடுவார். நான் வேண்டியதைச் சொல்லச் சொல்ல அவர் விரலை மடித்துக்கொண்டே வந்தார். சின்ன மரம். பூக்கவேண்டும். இலை கொட்டக்கூடாது. கடலில் இருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் மணல் நிலம். கோடையில் கிணறு கரிக்கும்.

"சேருக்கு மரம் வேணுமா, வானத்து மலக்கு வேணுமா?" என்று சிரித்தார். "இவ்வளவுக்கும் ஒண்டே ஒண்டுதான் நிக்கும். மஞ்சள் அலரி. உப்புக்கும் நிக்கும், வெயிலுக்கும் நிக்கும். மாரி கோடை எண்டு பாராது, பூத்துக்கொண்டே இரிக்கும். ஒரு தண்டா விட்டு வெட்டி எடுத்தா வடிவான குட்டி மரம்."

ஒல்லியான பளபளத்த இலைகள். மணி போல மஞ்சள் பூ. அதன் கீழே பச்சையாகத் திரண்டு நின்ற காய். அந்தக் காயைப் பார்த்ததும் என் கை பின்னுக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் அந்தக் கொட்டையைப் பற்றி யாரும் சத்தமாகக் கதைப்பதில்லை. அது எந்த வீடுகளுக்குள் நுழைந்து எந்தப் பெண்களைக் கொண்டுபோனது என்று எல்லாருக்கும் தெரியும். சவ வீட்டில் கேட்டால் நெஞ்சுவலி என்பார்கள். என் தங்கச்சியின் யன்னலுக்கு நேரே, அவளே கேட்டதற்காக, அந்த மரத்தைக் கொண்டுபோய் நான் நடுவதா?

"வேற காட்டுங்க," என்றேன்.

அவர் வேறு காட்டினார். ஒவ்வொன்றையும் நான் தள்ளினேன். வலையின் கடைசி மூலையில் வெள்ளை மந்தாரை நின்றது. ஆள் உயரம். நடுவில் பிளந்த இலை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்து துஆ கேட்பதுபோல ஒவ்வோர் இலையும். இருபத்தைந்து வருடமாகக் கவிதை வரிகளைத் தேடி அலைந்தவனுக்கு, இதோ தானாகவே எழுதப்பட்டு ஒன்று நிற்கிறது. ஒரு மரம் நிறைய ஏந்திய கைகள். பொழுது பட்டால் அந்த இலைகள் மூடிக்கொள்ளும் என்று அவர் சொன்னதும் நான் முழுதாகவே விழுந்துவிட்டேன்.

"இது இலை கொட்டுமா?"

"கோடையில கொஞ்சம் கொட்டும் சேர். உப்பு ஆகவே ஆகாது இதுக்கு. பிறகு என்னட்ட வந்து சண்டைக்கு நிக்கப்படா. இப்பவே சொல்லிப்போட்டன்."

கேட்டேன். கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

சதுரத்தைத் தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கீழே வெறும் மணலும் கிளிஞ்சலும்தான். கடல் தன் பங்கை எங்கள் வளவுகளுக்குள் எப்போதோ புதைத்துவைத்திருக்கிறது. அதை அள்ளி எறிந்துவிட்டு, அட்டாளைச்சேனை வயலில் இருந்து சாக்கில் கொண்டுவந்த களிமண்ணும், மாட்டுச் சாணமும், உமிக்கரியும் கலந்து நிரப்பினேன். பையைக் கிழித்து, வேர் கட்டி உடையாமல் இறக்கி, கம்பு நட்டுக் கட்டினேன். மேற்குப் பக்கம் ஓர் ஓலைக் கிடுகைச் சாய்த்தேன், முதல் கிழமை வெயில் படாமல். யன்னலுக்குப் பின்னால் திரைச்சீலை விலகியது.

"இது இலை கொட்டாதுதானே காக்கா?"

"கொட்டாது."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ஓம் புள்ள, கேட்டுத்தான் வாங்கின. எப்பவும் பச்சை."

மாமி வாசலில் நின்று மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "கவிதை எழுதுறவன் வாங்கின மரம். பூக்கிறத்துக்கு முதல் அழப்போகுது, பாருங்க," என்றார். தங்கச்சி சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன்.

வுழுத் தண்ணீர் யோசனை அவளுடையது. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் தண்ணீர் குளியலறைக் குழிக்குள் வீணாகப் போகிறது, அதை மரத்துக்கு விட்டால் என்ன என்று கேட்டாள். அவரை நினைத்துத் தொழுகிற தொழுகையின் தண்ணீர் அவருக்காக நிற்கிற மரத்துக்கே போகட்டும் என்றாள். அன்றைக்கே பிவிசி குழாய் வாங்கி, சுவரில் துளையிட்டு, வுழுச் செய்யும் இடத்தில் இருந்து சதுரம்வரை சரிவு பார்த்துப் பதித்தேன். என் கையால் பதித்தேன். சுபஹுக்கு ஒருதரம், லுஹருக்கு, அஸருக்கு, மஃரிபுக்கு, இஷாவுக்கு. அவள் குழாயைத் திறந்ததும் வெளியே மண் கறுத்து நனையும். முடித்துவிட்டு ஈரமுகத்தோடு யன்னலுக்கு வந்து அதைப் பார்ப்பாள். பிறகுதான் தொழுகைக்கு நிற்பாள்.

ஒன்றரை மாதம் நன்றாகப் போயிற்று என்று எழுதுவதற்கே பயமாக இருக்கிறது, ஆனால் போயிற்று. புது இலை விட்டது. நான்கு வெள்ளைப் பூக்கள் பூத்தன. மாமி ஒன்றைப் பறிக்கப் போக, "தொடவேணா மாமி, அது ஓதுது," என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அவள் மீன் தொட்டுச் சோறு தின்றாள். பின்னேரங்களில் இலைகள் மடியும்போது, "இப்ப அவருக்கும் நித்திர வரும்," என்பாள். நான் மோட்டார் சைக்கிளில் நிந்தவூர் தாண்டி வீட்டுக்குப் போகும்போது தலைக்குள் வரிகள் ஓடும். ஏந்திய கைகள், மூடிய கைகள். வெட்கம் கெட்டவன். அவளுடைய துக்கத்தில் இருந்து நான் ஒரு கவிதைக்குக் களவாக வேர் விட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கச்சான் தொடங்கியது. மேற்கில் இருந்து வரும் அந்தக் காற்றைத் தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்வது. அடுப்பு வாயைத் திறந்துவிட்டு யாரோ மறந்துபோனதுபோல மாதக்கணக்கில் அடிக்கும். உதடு வெடிக்கும். கிணறு இறங்கும். இறங்க இறங்கத் தண்ணீர் கரிக்கும். குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீர் இருப்பதால் கிணறு கரிப்பதை நாங்கள் பெரிதாக எடுப்பதில்லை. குளிக்கவும், கழுவவும், வுழுவுக்கும் மோட்டார் போட்டுத் தாங்கிக்கு ஏற்றுவது கிணற்றுத் தண்ணீரைத்தான்.

முதலில் இலைகளின் ஓரம் பழுப்பாகியது. கடுதாசியை நெருப்பில் காட்டி எடுத்ததுபோல. பிறகு அந்தப் பழுப்பு உள்ளே நடந்தது. பிறகு கொட்டத் தொடங்கியது.

"காக்கா, இண்டைக்கு பதினாலு."

"காத்துக்குப் புள்ள. காத்துக்கு எந்த இலையும் விழும்."

"இண்டைக்கு முப்பது. மேல் கொப்பில ஒண்டும் இல்ல."

சுபஹ் தொழுத கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, அவள் ஓதி முடித்து யன்னலுக்கு வருமுன் முற்றத்தைக் கூட்டினேன். சில நாள் முந்தினேன். சில நாள் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். தொழுகையைக் கூட்டினாள். கடமையான ஐந்துக்கு மேலும் நேரம் கண்ட போதெல்லாம் தொழுதாள். ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக வுழு எடுத்தாள். ஐந்து முறை நனைந்த மண் இப்போது பத்து, பன்னிரண்டு முறை நனைந்தது. அப்படியும் மரம் காய்ந்தது. அவள் இன்னும் தொழுதாள்.

ஒரு நாள் குனிந்து கூட்டும்போது சதுரத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது கண்ணில் பட்டது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

நேரே பூக்கன்றுக் கடைக்குப் போனேன். ஒரு பிடி மண்ணையும் இரண்டு இலையையும் அக்காவின் முன்னால் வைத்தேன். அவர் இலையைத் திருப்பிப் பார்த்த வேகத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

"ஆரு சேர் இதுக்கு இவ்வளவு உப்புத் தண்ணி ஊத்தின? ஒரு நாளைக்கு எத்தின தரம் ஊத்தின?"

"அஞ்சு," என்றேன். "பிறகு கூட."

"அஞ்சு தரமா? என்ன கண்டறியாத பாசம் இது! இது மரத்த வளக்கிற இல்ல சேர், கருவாடு போடுற."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது. கடைக்கு வெளியே வந்து மோட்டார் சைக்கிளின் சூடான இருக்கையில் இருந்தேன். அவளுடைய வுழு. அவளுடைய ஒவ்வொரு தொழுகையும் இந்த மரத்தைக் கொன்றுகொண்டிருக்கிறது. இதை எந்த வாயால் போய்ச் சொல்வது?

சொல்லவில்லை. அவள் லுஹர் தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து, மதிலோரம் குழாயின் முழங்கை வளைவைக் கழற்றித் தண்ணீர் வெளிக்கானுக்கு, தெரு வடிகாலுக்கு, போகும்படி திருப்பிவிட்டேன். அவள் வீட்டுக் குழாயைத் திறந்தால் ஏன் என்று கேட்பாள் என்று, அட்டாளைச்சேனையில் இருந்து பிளாஸ்டிக் கான்களில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன், உப்பு கீழே இறங்கட்டும் என்று. பிந்திவிட்டேன். ஏற்கெனவே வேர் கருகியிருக்கவேண்டும். ஈரம் பட்டதும் மிச்சமிருந்தது எல்லாம் இரண்டு நாளில் கொட்டிற்று. கடைசியாக விழுந்தது எது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒரு காலையில் மரம் ஒரு கம்பாக நின்றது, அவ்வளவுதான். அதைக் கட்டியிருந்த கம்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்கு அவள் என்னை அறைக்குள் கூப்பிட்டாள். மாமி வாசற்படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் வுழு எடுக்கிற தண்ணி எங்க போகுது?"

"குழாய் உடைஞ்சிட்டுப் புள்ள."

"உடையல்ல. நீங்க திருப்பி வச்ச. நான் தொழுது முடிச்சு யன்னலால பாத்த." அவள் குரல் உயரவில்லை. "ஏன் காக்கா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி கீரையைப் பார்த்தார்.

"கிணறு உப்பாப் போச்சு. மந்தாரைக்கு உப்பு ஆகாதாம்."

அவள் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தாள். முழங்கைவரை. அப்போதுதான் கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை.

"அப்ப, நான்தான்."

"இல்ல. குழாய் வச்சது நான். மரம் எடுத்தது நான். இது கோடையில கொட்டும் எண்டு கடைக்கார அக்கா சொன்னவ, நான்தான் உன்னட்டச் சொல்லல்ல."

"கொட்டும் எண்டு தெரிஞ்சா வாங்கின?"

"ஓம்."

"என்னட்டக் கொட்டாது எண்டு சொன்ன."

"ஓம்."

"கொட்டாத மரம் ஒண்டும் அங்க இல்லியா?"

அவள் சின்ன வயதிலும் இப்படித்தான். நான் எதையாவது ஒளித்தால் என் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைப் பார்ப்பாள். இப்போதும் என் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அலரி இருந்திச்சா?"

மாமியின் கை நின்றது.

"இருந்திச்சு."

"நான் கொட்டயத் தின்னுருவன் எண்டு பயந்தா அத விட்டுட்டு வந்த?"

வெளியே கச்சான் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. அவள் எழும்பிப் போய் அறையின் மற்ற யன்னலை, பின்பக்கத்து யன்னலைத் திறந்தாள். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. அடுத்த வளவின் வேலி நெடுக மஞ்சள் அலரி. பாதிக் கொப்பு எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. நிறையக் காய்.

"அது தினமும் இஞ்சாலதான் விழுகுது. மாமி தினமும் விடியக் கூட்டி அள்ளிக்கொண்டு போய் ரோட்டுக்கு அங்கால கொட்டுறா. முதுகு நோவோட. நான் பாத்துக்கொண்டுதான் இரிக்கன். நீங்க முன்னுக்கு கூட்டுறீங்க, அவ பின்னுக்கு கூட்டுறா."

மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கிற்று. இத்தனை நாளும் அந்த வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்லாமல், ஒரே பயத்தைத் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறோம்.

'அப்படி ஒன்றும் செய்யமாட்டேன்' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அடுத்த வார்த்தை அதுதான் என்று நினைத்தேன். அவள் யன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். "அஸருக்கு நேரமாகுது," என்று சொல்லிவிட்டு வுழு எடுக்கப் போனாள். தண்ணீர் வெளிக்கானில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

இத்தா முடிந்த நாளில் பெண்கள் வந்தார்கள். முழுக வார்த்து, நிறப் புடவை உடுத்திவிட்டார்கள். சாப்பாடு நடந்தது. எல்லாரும் போனபிறகு அவள் முற்றத்துக்கு இறங்கினாள். நாலு மாதமும் பத்து நாளும் கண்ணாலேயே மிதித்த சீமெந்தைக் காலால் மிதித்தாள். சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி வைத்தாள். சதுரத்துக்குப் போய் மந்தாரையின் தண்டைப் பிடித்து இழுத்தாள். அது எந்த மறுப்பும் இல்லாமல் கையோடு வந்தது. அதை மதிலோரம் சாய்த்துவிட்டு, குந்தி இருந்து ஒரு சிரட்டையால் மண்ணை அள்ளத் தொடங்கினாள். என் வயல் மண், என் உமிக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே படிந்த அவளுடைய உப்பு.

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

"வேற மரம் கொண்டு வரட்டா? நீ சொல்லு. எதெண்டாலும் கொண்டு வாறன்." அலரி என்று அவள் சொன்னால் அதையும் கொண்டுவருவது என்று அந்த நேரத்தில் நான் தீர்மானித்துவிட்டேன். பயத்தோடுதான்.

"இப்ப எதை நட்டாலும் சாகும். உப்புக் கிடக்கு." அவள் சிரட்டையை ஓங்கிக் குத்தினாள். "குழியத் தோண்டி விடுவம். மாரி வரட்டும். மழைத்தண்ணி நிண்டு கழுவட்டும். பிறகு பாப்பம்."

"அதுவரைக்கும்..." என்று தொடங்கினேன்.

"அதுமட்டும் நான் ஓதுறன். அவருக்கு ஆராவது ஓதத்தானே வேணும். மாரி வரமட்டும் நான் ஓதுவன்."

மாமி வாசலில் தும்புத்தடியோடு நின்றார். அவருக்கும் கேட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம், உடனே விலக்கிக்கொண்டோம். அவளுக்கு இனி இங்கே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு ஒரு தவணையும் இருக்கிறது. மாரிக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. மாமியும் கேட்கவில்லை.

இப்போது குழி இரண்டு முழ ஆழம். கிளிஞ்சல் தெரிகிறது. நான் இரண்டு நாளைக்கு ஒருதரம் போகிறேன். அவள் ஓதிக்கொண்டிருக்கிறாள். சாப்பிடுகிறாள், கொஞ்சம். கதைக்கிறாள், கொஞ்சம். கச்சான் ஓய்ந்துவிட்டது. வயல்காரர்கள் விதைப்புக்கு வரம்பு கட்டிவிட்டு வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். இந்த வருடம் மழை பிந்துகிறது என்று கடைத்தெருவில் எல்லார் வாயிலும் கவலை. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் இமாம் மழை கேட்டு நீளமாக துஆ செய்தார். பள்ளி நிறைந்த சனம், அரைவாசிப் பேர் வயல் செய்கிறவர்கள், கண் கலங்கி ஆமீன் சொன்னார்கள். அந்த நெல்லைத்தான் நானும் தின்கிறேன்.

என் கைகள் ஏந்தியபடிதான் இருந்தன. ஆமீன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.